தனி இணையதளத்துக்கு எழுத்தையும் தரவையும் எந்த வடிவில் வைத்துக்கொள்வது?

சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கவிருப்பவரின் கேள்வி இது. தளத்தில் கட்டுரைகள் இருக்கும், அவ்வப்போது கவிதைகள் வரும், படித்த நூல்களின் பட்டியல் ஒன்று வளர்ந்துகொண்டே போகும். மார்க்டவுன் என்ற எளிய குறிமொழியில் எழுதுவதா, இணையப் பக்கங்களின் மொழியான எச்.டி.எம்.எல்.-இலேயே நேரடியாக எழுதிவிடுவதா, ஆர்க் மோட், ஆஸ்கிடாக் போன்ற வேறு குறிமொழிகளைக் கற்றுக்கொண்டால் பயன் உண்டா, நூல் பட்டியல் போன்ற தரவுகளுக்கு யாமல், ஜேசன், சி.எஸ்.வி. ஆகிய தரவு வடிவங்களுள் எது பொருத்தம் என்று அவர் கேட்டிருக்கிறார்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரைகளைக் காமன்மார்க் என்ற பொது வரையறைக்கு உட்பட்ட மார்க்டவுனில் எழுதுங்கள்; அது போதாத இடங்களில் எச்.டி.எம்.எல். குறிகளை நேரடியாக இடுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் வரும் தேதி, தலைப்பு முதலிய விவரங்களுக்கு டாமல் என்ற தரவு வடிவம் நல்லது. நூல் பட்டியலைச் சி.எஸ்.வி.-யில் வையுங்கள். எல்லாம் யூ.டி.எஃப்.-8 என்ற ஒருங்குறிக் குறியேற்றத்தில் அமைந்த உரைக்கோப்புகளாக இருக்கட்டும். இதில் எந்த ஒன்றையும் உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எதைக் கருதி இந்த முடிவுக்கு வந்தேன் என்பது தெரிந்தால்தான் மாற்றுவதும் சரியாக அமையும் என்பதால், காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

தனி மனிதரின் தளம் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஒரு முக்கியமான விதத்தில் வேறுபடுகிறது. அங்கே ஒரு கருவி காலாவதியானால் அதை மாற்றுவதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். இங்கே நீங்கள் ஒருவர்தான். அதுவும் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை. இன்று தளத்தை ஆக்கித் தரும் கருவி பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் இதே நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. எழுத்தோ அதைவிட நெடுங்காலம் நிற்க வேண்டியது. ஆகவே எந்த வடிவத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்தக் கருவி இல்லாமல் போனால் இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறப்பேன், எவ்வளவு இழப்பில்லாமல் வேறொன்றாக மாற்றுவேன்?’ என்பதே. ஒருங்குறி பரவுவதற்கு முன், டிஸ்கி, டேப் போன்ற குறியேற்றங்களிலும் பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பியும் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் உரைகள் இன்று மாற்றிக் கருவி இல்லாமல் படிக்க முடியாதவையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை புரியும்.

இந்த அளவுகோலில் எச்.டி.எம்.எல்.-க்கு ஈடு இல்லை. 1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய பக்கங்கள் இன்றைய உலாவியிலும் திறக்கின்றன. உங்கள் எழுத்து கடைசியில் எச்.டி.எம்.எல்.-ஆகத்தான் வாசகரைச் சென்றடையப் போகிறது என்பதால், அதிலேயே எழுதினால் இடையில் மாற்றித் தரும் கருவி ஒன்றே தேவைப்படாது. பலர் நினைப்பதுபோல அது அவ்வளவு கடினமானதும் அன்று: பத்தியையும் பட்டியல் உறுப்பையும் முடிக்கும் குறிகளை இடாமலேயே விட்டுவிடலாம், வரையறையே அதை அனுமதிக்கிறது. 2000-இல் வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். ஒவ்வொரு குறியையும் கறாராக மூடச் சொன்னது; அந்தப் பாதையின் அடுத்த பதிப்புக்கான வேலை 2009-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வெற்றி பெற்ற எச்.டி.எம்.எல். 5, தவறாக எழுதப்பட்ட குறிகளைக்கூட எல்லா உலாவிகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டிய விதிகளை எழுத்தில் வைத்தது. வடிவம் ஒன்று நீடித்து நிற்பதற்கு இத்தகைய விதிகள் எவ்வளவு தேவை என்பதை மார்க்டவுனின் வரலாற்றில் மறுபடியும் பார்க்கலாம்.

உங்கள் தளத்தில் பத்துப் பதினைந்து பக்கங்கள்தான் இருக்கும் என்றால், தயங்காமல் எச்.டி.எம்.எல்.-இலேயே எழுதிவிடுங்கள். சிக்கல் எண்ணிக்கை கூடும்போதுதான் வருகிறது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பட்டியை ஒரே இடத்தில் வைத்து மற்றப் பக்கங்களில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு எச்.டி.எம்.எல்.-இல் இல்லை, ஓர் இணைப்பை மாற்ற வேண்டுமானால் நூறு கோப்புகளைத் தொட வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, எழுதும்போதும் திருத்தும்போதும் கண்ணுக்கு நேரும் களைப்பு. நீண்ட கட்டுரையைப் பலமுறை படித்துத் திருத்துகிறவருக்கு, வாக்கியத்தின் நடுவே கோணக் குறிகள் குறுக்கிடாத மூலம் பெரிய உதவி. மார்க்டவுன் பிறந்ததும் அந்தத் தேவைக்காகத்தான்.

ஜான் க்ரூபர், ஆரன் சுவார்ட்ஸின் ஒத்துழைப்போடு, 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டார். வெளிவந்தவை ஒரு விளக்கப் பக்கமும் பெர்ல் மொழியில் எழுதிய ஒரு நிரலும்தான். துல்லியமான வரையறை என்று எதுவும் இல்லை. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் எத்தனை இடைவெளி விட வேண்டும், தடித்த எழுத்துக்குள் சாய்ந்த எழுத்து எங்கே முடிகிறது போன்ற கேள்விகளுக்கு விளக்கப் பக்கத்தில் முழுமையான விடை இல்லாததால், பின்னால் வந்த ஒவ்வொரு நிரலாளரும் தமக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள். ஒரே கோப்பை இரண்டு கருவிகளில் கொடுத்தால் இரண்டு விதமான பக்கங்கள் கிடைத்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் ஜான் மேக்ஃபார்லேனும் ஜெஃப் ஆட்வுட்டும் வேறு சிலரும் சேர்ந்து காமன்மார்க் என்ற வரையறையை வெளியிட்டார்கள். அதில் 600-க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘இந்த உள்ளீட்டுக்கு இந்த வெளியீடுதான்’ என்று எழுதப்பட்டிருப்பதால், ஒரு கருவி வரையறையைப் பின்பற்றுகிறதா என்பதை நிரலைக் கொண்டே சோதிக்கலாம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் தன் மார்க்டவுனுக்கான வரையறையை இதன் மேல் கட்டியெழுப்பி வெளியிட்டது. ஆகவே ‘மார்க்டவுனில் எழுதுகிறேன்’ என்பதோடு நிறுத்தாமல், ‘காமன்மார்க்கில் எழுதுகிறேன்’ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், அது காமன்மார்க்கைப் பின்பற்றுகிறதா என்பதை அதன் ஆவணத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வரையறையில் கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டு இடங்கள் உள்ளன. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வரும். ஆனால் சொல்லை மட்டும் அழுத்திக் காட்டி, உருபைச் சாதாரணமாக விட விரும்புவோம். சாய்ந்த எழுத்துக்கு அடிக்கோட்டைப் பயன்படுத்தி _சொல்_லை என்று எழுதினால் அது சாயாது, அடிக்கோடுகளே பக்கத்தில் அப்படியே தெரியும். ஏனென்றால் சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை அழுத்தக்குறியாகக் கொள்ளக் கூடாது என்பது காமன்மார்க்கின் விதி; நிரல்களில் வரும் மாறிப் பெயர்களைக் காப்பதற்காக வைத்த விதி அது. உடுக்குறியை இட்டு *சொல்*லை என்று எழுதினால் சரியாக வரும். உடுக்குறியிலும் ஒரு கண்ணி இருக்கிறது: **“சொல்”**லை என்று மேற்கோள் குறியை உள்ளே வைத்து, உருபை வெளியே ஒட்டினால் தடித்த எழுத்து வராது. முடிக்கும் உடுக்குறிகளுக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அவற்றை முடிக்கும் குறிகளாக ஏற்க முடியாது என்று வரையறை சொல்வதே காரணம். சொற்களுக்கிடையே இடைவெளி விடும் ஆங்கில வழக்கத்தை மனத்தில் வைத்து உருவான விதி, ஒட்டுநிலை மொழிகளில் இப்படி இடறுகிறது. மேற்கோள் குறியைத் தடித்த பகுதிக்கு வெளியே வைத்து “**சொல்**”லை என்று எழுதினால் சிக்கல் தீரும்.

கவிதைக்கு வருவோம். மார்க்டவுனில் ஒரு பத்திக்குள் வரியை மடித்தால் அது பக்கத்தில் மடங்காது. வரியின் இறுதியில் இரண்டு வெற்றிடங்கள் இட வேண்டும் என்பது பழைய முறை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி ஒரு கவிதையின் வடிவத்தை விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை. வரி இறுதியின் வெற்றிடங்களைத் தானாகவே அழித்துவிடும் எழுதுகருவிகள் பல உள்ளன. காமன்மார்க் அதற்கு மாற்றாக வரி இறுதியில் பின்சாய்கோட்டை இட அனுமதிக்கிறது. கவிதைகள் நிறைய வரும் என்றால் இன்னொரு வழி இதைவிடத் தூய்மையானது. கவிதையை ‘டிவ்’ என்ற எச்.டி.எம்.எல். குறிக்குள் அடைத்து அதற்கு ‘கவிதை’ என்பதுபோல ஒரு வகுப்புப் பெயர் கொடுங்கள். திறக்கும் குறிக்குப் பிறகு ஒரு வெற்று வரி விட்டால் உள்ளே இருப்பது மார்க்டவுனாகவே வாசிக்கப்படும். அந்த வகுப்புக்குள் மூலத்தில் உள்ள வரிமுறிவுகளை அப்படியே காட்டும்படி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். நடைத்தாளில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டால், கவிதை வரிகளில் எந்தக் குறியும் இட வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி மட்டும் இதில் காணாமல் போகும். அதுவும் வேண்டும் என்றால் முழுக் கவிதையையும் எச்.டி.எம்.எல்.-இலேயே எழுதுவது நல்லது.

உரைநடையில் மார்க்டவுனின் நல்ல பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்திக்குள் வரிமுறிவுக்குப் பொருள் இல்லை என்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் தொடங்கி எழுதலாம். கிட் போன்ற மாற்றப் பதிவுக் கருவியில் கோப்புகளை வைத்திருந்தால், எந்த வாக்கியம் திருத்தப்பட்டது என்பது வரி வரியாகத் தெரியும். பத்தி ‘1998.’ என்று ஆண்டும் புள்ளியுமாகத் தொடங்கினால் அது எண் பட்டியலாக மாறிவிடும் என்பதையும், புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டால் அது தடைபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிக்குறிப்பு, அட்டவணை, படத்துக்குக் கீழ்வரும் விளக்கம் ஆகியவை காமன்மார்க்கில் இல்லை. அட்டவணை கிட்ஹப் வரையறையில் உண்டு. அடிக்குறிப்புப் பெரும்பாலான கருவிகளில் கூடுதல் வசதியாக, ஏறக்குறைய ஒரே எழுத்துமுறையில் கிடைக்கிறது. இவ்விரண்டையும் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதற்கு மேல் தேவைப்படும் எதையும் எச்.டி.எம்.எல். குறியாகவே எழுதிவிடுங்கள். மார்க்டவுனுக்குள் எச்.டி.எம்.எல்.-ஐ எழுதலாம் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் பகுதி. அப்படி எழுதுவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்வது வேறொன்று. தளம் ஆக்கும் கருவிகள் பலவும் எழுத்துக்குள் இடுவதற்கென்று தமக்கே உரிய கட்டளைகளைத் தருகின்றன. ஹ்யூகோவில் இரட்டை நெளிவடைப்புக்குள் எழுதும் குறுங்கட்டளைகள், ஜெக்கிலில் லிக்விட் கட்டளைகள், எம்.டி.எக்ஸ். கோப்புகளில் ஜாவாஸ்கிரிப்ட் உறுப்புகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். படத்தொகுப்பு ஒன்றை ஒரே வரியில் சேர்த்துவிடலாம் என்பதால் அவை கையில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அந்தக் கட்டளையின் பொருள் உங்கள் கோப்பில் இல்லை, அந்தக் கருவியின் வார்ப்புருவில் இருக்கிறது. கருவியை மாற்றும் நாளில் நூற்றுக்கணக்கான கோப்புகளில் இந்தக் கட்டளைகள் பொருளற்ற குறிகளாக நிற்கும். அவற்றை மாற்றித் தர எந்தப் பொதுவான நிரலும் கிடையாது. மார்க்டவுனா ஆஸ்கிடாக்கா என்று பலநாள் யோசிப்பவர்கள்கூட இந்தக் கட்டளைகளை யோசிக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். கருவியோடு உங்களைக் கட்டிப்போடுவது குறிமொழியைவிட இவைதாம். ஒரே மாதிரியான எச்.டி.எம்.எல். துண்டை இருபது இடங்களில் ஒட்ட வேண்டி வந்தாலும், கட்டளையைவிட அந்தத் துண்டையே நான் ஒட்டுவேன்.

மற்றக் குறிமொழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆஸ்கிடாக் 2002-இல் தோன்றியது; குறுக்குமேற்கோள், எச்சரிக்கைப் பெட்டி, சிக்கலான அட்டவணை எல்லாம் அதன் வரையறைக்குள்ளேயே உண்டு, நூல் எழுதுகிறவர்களுக்கு அது மிக நல்ல கருவி. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் பைத்தான் உலகத்தின் ஆவண மொழி. 2008-இல் வந்த ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியோடு சேரும்போது அதன் வலிமை தெரியும், ஆனால் தனித்தளத்துக்கு அதன் கண்டிப்பு மிகை. ஆர்க் மோட் 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் உருவாக்கியது. நீங்கள் ஏற்கெனவே ஈமாக்ஸ் என்ற எழுதுகருவியில் நாள் முழுவதும் வேலை செய்பவர் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அதற்காக ஈமாக்ஸைக் கற்க வேண்டாம். மேக்ஃபார்லேனே 2022-இல் ஜாட் என்ற புதிய குறிமொழியை வெளியிட்டார். மார்க்டவுனின் பழைய முடிச்சுகளை அவிழ்த்த அழகான வடிவமைப்பு அது, எனினும் அதை ஏற்கும் கருவிகள் இன்னும் குறைவு.

இனித் தரவு. இதில் முதலாவது, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வரும் விவரங்கள். 2008-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் வெளியிட்ட ஜெக்கில், மூன்று கோடுகள் (---) கொண்ட இரு வரிகளுக்கு இடையே யாமல் வடிவில் தலைப்பையும் பிற விவரங்களையும் எழுதும் வழக்கத்தைப் பரப்பியது. இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதை ஏற்கின்றன. யாமல் பார்ப்பதற்கு எளிமையானது. மேற்கோள் குறிகூட இடாமல் எழுதலாம். அந்த எளிமையில்தான் அதன் ஆபத்தும் இருக்கிறது, ஏனென்றால் மேற்கோள் இடாத ஒன்று எழுத்தா, எண்ணா, தேதியா, ஆம்-இல்லை மதிப்பா என்பதை வாசிக்கும் நிரலே ஊகித்துக்கொள்கிறது. கட்டுரைத் தலைப்பை ‘மழை: ஒரு குறிப்பு’ என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், முக்காற்புள்ளிக்குப் பின் வரும் இடைவெளியைக் கண்டு புதிய மதிப்பு தொடங்குகிறது என்று எண்ணி நிரல் பிழையோடு நின்றுவிடும். நின்றுவிட்டால் திருத்திக்கொள்ளலாம். நிற்காமல் தவறாக வாசிப்பதுதான் தொல்லை.

யாமல் 1.1 வரையறைப்படி, நார்வே நாட்டுக்கான ஈரெழுத்துக் குறியீடு (NO) ‘இல்லை’ என்ற மதிப்பாக வாசிக்கப்படும். நாடுகளின் பட்டியலில் நார்வே மட்டும் மறைந்துபோகும் இந்தச் சிக்கல் நிரலாளர்களிடையே பெயர் பெற்றது. 6:30 என்று நேரத்தை எழுதினால், அறுபதின் அடிப்படையில் கணக்கிட்டு 390 என்ற எண்ணாகக் கொள்ளும். 1.10 என்ற பதிப்பு எண் 1.1 ஆகிவிடும். 0123 என்பது எட்டின் அடிப்படையிலான எண்ணாகக் கொள்ளப்பட்டு 83 ஆகும். ஆனால் 0128 என்பதில் எட்டு இருப்பதால் அது எழுத்தாகவே நிற்கும். ஒரே பட்டியலில் ஓர் உறுப்பு எண்ணாகவும் அடுத்தது எழுத்தாகவும் வந்தால், பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் வந்த யாமல் 1.2 இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்தது. ஆனால் பை-யாமல் போன்ற பரவலான நிரல் நூலகங்கள் இன்னும் 1.1-ஐயே பின்பற்றுகின்றன. ஆகவே யாமல்தான் வேண்டும் என்றால், எழுத்து மதிப்பு எதுவாக இருந்தாலும் மேற்கோள் குறிக்குள் இடுவதை மாறாத வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பிரெஸ்டன்-வெர்னர் 2013-இல் டாமலை உருவாக்கினார், அதன் 1.0 வரையறை 2021 ஜனவரியில் நிலைபெற்றது. எழுத்து மதிப்புகளுக்கு மேற்கோள் குறி கட்டாயம், தேதிக்குத் தனி வகை உண்டு, ஊகத்துக்கு இடமே இல்லை. பல அடுக்குகளாக உள்ளே உள்ளே போகும் தரவை எழுத அது வசதியாக இராது. தலைப்பு, தேதி, குறிச்சொற்கள் என்று ஐந்தாறு வரிகளுக்கு அதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. வரையறை 1.0-இன்படி, புலப்பெயரைத் தமிழில் வைக்க விரும்பினால் அதையும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். ஹ்யூகோ டாமலை இயல்பாக ஏற்கும். உங்கள் கருவி யாமலை மட்டுமே ஏற்கும் என்றால், அதற்காகக் கருவியை மாற்ற வேண்டாம்.

நூல் பட்டியல் வேறு வகை. தலைப்பு, ஆசிரியர், ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண், படித்து முடித்த தேதி என்று எல்லா உறுப்புகளுக்கும் ஒரே புலங்கள் இருக்கும். இது இயல்பாகவே அட்டவணை. ஜேசனில் எழுதினால் ஒவ்வொரு நூலுக்கும் புலப்பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். கடைசி உறுப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி மிகுந்தாலே முழுக் கோப்பும் செல்லாது. குறிப்பு எழுதி வைக்கவும் இடமில்லை. டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் முன்வைத்து, 2017-இல் ஆர்.எஃப்.சி. 8259 என்ற இணையத் தர ஆவணமாக நிலைத்திருக்கும் ஜேசன், நிரலும் நிரலும் பேசிக்கொள்வதற்கு உகந்தது. கையால் தட்டச்சு செய்வதற்கு அன்று. நிரல் வழியாக ஜேசனை உருவாக்கினால், பைத்தானின் இயல்பான அமைப்பு தமிழ் எழுத்துகளைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் ஆறெழுத்துக் குறியீடுகளாக மாற்றி எழுதிவிடும் என்பதைக் கவனியுங்கள். தரவு கெடாது, ஆனால் கோப்பைத் திறந்து படிக்கவோ அதில் ஒரு சொல்லைத் தேடவோ முடியாது. ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டும் கட்டுப்படுத்தும் அந்த அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே எழுதப்படும்.

சி.எஸ்.வி.-க்கு 2005-இல் ஆர்.எஃப்.சி. 4180 ஒரு பொது இலக்கணத்தை எழுதியது: காற்புள்ளி உள்ள மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் இடுவது, மதிப்புக்குள்ளேயே மேற்கோள் வந்தால் அதை இரட்டிப்பது, அவ்வளவுதான். நூலுக்கு ஒரு வரி என்பதால் மாற்றங்களும் தெளிவாகத் தெரியும். ஒரே எச்சரிக்கை, அதை விரிதாள் செயலியில் திறந்து சேமிக்கும்போது தேவை. பத்திலக்க ஐ.எஸ்.பி.என். பூச்சியத்தில் தொடங்கினால் அந்தப் பூச்சியம் உதிரும். பதின்மூன்று இலக்கமானால் 9.78-ஐப் பத்தின் அடுக்கோடு பெருக்கும் சுருக்க வடிவில் காட்டி, அப்படியே சேமித்தால் இலக்கங்களையும் இழக்கச் செய்யும். இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை ‘உரை’ வகையாகக் குறித்துவிடுங்கள். எக்செல்லில் தமிழ் சிதைந்து தெரிந்தால், கோப்பின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்.-8 அடையாளம் இல்லாததே பெரும்பாலும் காரணம். உரை எழுதுகருவியில் திருத்துவதானால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

ஆயிரக்கணக்கான உறுப்புகளும் அவற்றுக்கிடையே தொடர்புகளும் வந்தால் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தரவுத்தொகுப்புகளுக்குப் பரிந்துரைக்கும் சேமிப்பு வடிவங்களுள் அதுவும் ஒன்று. 2050 வரை அதைப் பராமரிப்பதாக அதன் உருவாக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அது உரைக்கோப்பு அன்று, மாற்றங்களை வரி வரியாக ஒப்பிட முடியாது. நூல் பட்டியலுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

கேட்காவிட்டாலும், புதிய பதிவுகளை வாசகருக்கு அறிவிக்கும் செய்தியோடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அதன் வழியாகத்தான் வருவார்கள். ஆர்.எஸ்.எஸ். 2.0, ஆட்டம் என்ற ஓடை வடிவங்கள் இரண்டில் எதையும் ஓடை வாசிப்பான்கள் ஏற்கும். 2005-இல் ஆர்.எஃப்.சி. 4287 ஆக வந்த ஆட்டம், உள்ளடக்கம் வெறும் உரையா எச்.டி.எம்.எல்.-ஆ என்பதைத் தெளிவாகக் குறிக்கச் சொல்வதால் நான் அதையே தேர்வேன். இரண்டும் எக்ஸ்.எம்.எல். என்ற கண்டிப்பான குறிமொழியில் அமைவதால், மாற்றி எழுதாமல் விட்ட ஒரே ஓர் உம்மைக்குறி (&) முழு ஓடையையும் நிறுத்திவிடும். எழுத்துகளை ஒட்டி ஒட்டி உருவாக்காமல் நிரல் நூலகம் ஒன்றின் வழியாக உருவாக்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாளத்தைப் பின்னாளில் முகவரி மாறினாலும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய பதிவுகள் எல்லாம் புதியவையாக வாசகரிடம் மறுபடி போய்ச் சேரும். தேதிகளைக் கோப்பின் தலையிலும் சி.எஸ்.வி.-யிலும் 2024-03-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையிலேயே எழுதினால், எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் காலவரிசை சரியாக வரும்.

கடைசியாக, எழுத்து நிலையில் இரண்டு செய்திகள். ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஆனால் எளிய தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. கோப்புகளைச் சேமிக்கும்போது என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். மற்றது பக்க முகவரி. தலைப்பிலிருந்து முகவரியைத் தானாக ஆக்கும் நிரல்கள் சில, சொல்லுக்குரிய எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்குகின்றன. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அந்த வகையில் சேர்ப்பதில்லை என்பதால், ‘தமிழ்’ என்ற தலைப்பு ‘தமழ’ என்று முகவரியில் நிற்கும். சரியாகவே வந்தாலும், ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகி, நகலெடுத்து ஒட்டும்போது ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 45 எழுத்துகளாக விரியும். முகவரியைத் தானியங்கியிடம் விடாமல், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நீங்களே சுருக்கமான ரோமன் எழுத்துகளில் எழுதிவிடுவது நல்லது. கருவி மாறினாலும் அந்த முகவரி மாறாது.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கட்டுரை, ஒரு கவிதை, அடிக்குறிப்பும் அட்டவணையும் உள்ள ஒரு பக்கம் ஆகிய மூன்றை எழுதி, உங்கள் கருவியில் ஒருமுறையும், 2006 முதல் மேக்ஃபார்லேன் வளர்த்துவரும் வடிவமாற்றிக் கருவியான பேண்டாக்கில் ஒருமுறையும் எச்.டி.எம்.எல்.-ஆக மாற்றுங்கள். இரண்டு வெளியீடுகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். அந்த இடங்களை மட்டும் எச்.டி.எம்.எல்.-இல் நேரடியாக எழுதிவிட்டால், பின்னாளில் எந்தக் கருவிக்கும் உங்கள் கோப்புகளை எடுத்துச் செல்லலாம்.